எழுதிய தோல், குத்திய தோல்

எங்கள் ஊர் அய்யனார் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையோடு போக முடியாது. அந்த ஒரு வழக்கத்தால்தான் விஷயம் வெளியே வந்தது. அண்ணன் மகன் கம்போடியாவில் சியாம் ரீப் நகரத்து இந்திய உணவகம் ஒன்றில் மூன்று வருடம் அடுப்படியில் நின்றுவிட்டு ஊருக்கு வந்திருந்தான். புரவி எடுப்பு முடிந்த மறுநாள் குடும்பத்தோடு பொங்கல் வைக்கப் போனோம். குடுமியான்மலைக்குப் பக்கத்துக் கிராமம். சட்டையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மண்குதிரைகளைத் தாண்டி அவன் நடந்தபோது, பின்னால் பானையும் விறகுமாக வந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இடது தோள்பட்டையில் ஐந்து வரி எழுத்து, மேலிருந்து கீழாக, வாழை நாரைக் கிழித்துத் தொங்கவிட்டதுபோல.

பூசாரி வேளாருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். விபூதித் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, முதுகைப் படித்தார். எவ்வளவு செலவு, வலித்ததா, அழியுமா என்று ஊரே கேட்ட எதையும் அவர் கேட்கவில்லை.

"யாரு தம்பி எழுதுனது?"

"அங்க ஒரு குரு, தாத்தா. முன்னாடி பிக்குவா இருந்தவரு."

"அப்பச் சரி" என்று விபூதியைப் பூசிவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார்.

பொங்கல் பொங்கி முடிவதற்குள் அவன் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னான். ஒன்று: "சித்தப்பா, இது நம்ம எழுத்துதான். பல்லவர் கொண்டுபோனது." இரண்டு: "நம்ம அப்பத்தா கையில இருந்த பச்சையும் இதுவும் ஒண்ணுதான். நாம விட்டுட்டோம், அவங்க வச்சிருக்காங்க." இரண்டும் அவன் சொந்தச் சரக்கில்லை. கைப்பேசியில் தினம் ஓடுகிற காணொளிகளில் இதே இரண்டு வாக்கியம்தான் பின்னணி இசையோடு வருகிறது. கேட்கப் பெருமையாக இருக்கிறது. பெருமையாக இருப்பதெல்லாம் உண்மையா என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. வேளார் கேட்ட கேள்வியைத்தான் நானும் கையில் எடுத்துக்கொள்கிறேன்.

கெமர் மக்கள் இதைச் சாக் யந்த் என்கிறார்கள். சாக் என்றால் குத்துவது. யந்த் நம் யந்திரம். குத்துகிறவர் க்ரு, அதாவது குரு. ஓதப்படுவது பெரும்பாலும் பாலி மொழிச் சொற்கள். எழுதப்படுவது கெமர் எழுத்தில். எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போனால் அங்கேயும் இந்தப் பச்சைக்குத் தாய் எழுத்தைப் பயன்படுத்துவதில்லை. பெரும்பாலும் கோம் என்று அவர்கள் அழைக்கும் பழைய கெமர் எழுத்துதான். 2003இல் நடிகை ஏஞ்சலினா ஜோலி தன் தோளில் ஐந்து வரி குத்திக்கொண்டது தாய்லாந்து ஆசான் ஒருவரிடம். வரிகள் கெமர் எழுத்து வரிகள். அதற்குப் பிறகுதான் உலகத்துச் சுற்றுலாப் பயணிகள் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். எங்கள் பையனும் அந்த வரிசையில் கடைசி ஆளாக இருக்கலாம். ஆனால் அவன் போனது கடைக்கு இல்லை, ஒரு வீட்டுக்கு.

அவன் சொன்னதை அப்படியே தருகிறேன். வெற்றிலை, பாக்கு, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, கொஞ்சம் பணம் எல்லாம் ஒரு தட்டில் வைத்து முதலில் குருவின் குருவுக்குக் கும்பிட்டார்களாம். பிறகு நீண்ட ஊசி. ஒருவர் தோலை இழுத்துப் பிடிக்க, குரு குத்தக் குத்த முணுமுணுத்துக்கொண்டே இருந்தாராம். முடிந்ததும் குத்திய இடத்தில் வாயால் ஊதினார். அந்த ஊதலில்தான் உயிர் வருகிறது. அதுவரைக்கும் அது வெறும் மை. அப்புறம் விதிகள்: பொய், களவு, குடி கூடாது, அடுத்தவன் மனைவியிடம் போகக் கூடாது, பெற்றவளைத் திட்டக் கூடாது, நட்சத்திரப் பழம் சாப்பிடக் கூடாது. விதி மீறினால் யந்திரம் செத்துப்போகும். மறுபடி வந்து ஊதிக்கொள்ள வேண்டும்.

இதைக் கேட்டதும் சிரிப்பவர்கள் உண்டு, நான் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் போர்க்களம். 1970இல் கம்போடியாவில் ஆட்சியைப் பிடித்த லோன் நோல் யந்திரத்திலும் தாயத்திலும் முழு நம்பிக்கை வைத்தவர். 1975 வரை நடந்த போரில் அவருடைய படைவீரர்கள் தோலில் யந்திரத்தோடும், கழுத்தில் யந்திரம் எழுதிய துணியோடும் போனார்கள். குண்டு அந்த எழுத்தைப் படிக்கவில்லை. செத்தவனைப் பற்றி என்ன சொன்னார்கள்? விதியை மீறியிருப்பான் என்றார்கள். எது நடந்தாலும் தோற்காத வாதம் இது. பிழைத்தால் யந்திரம், செத்தால் அவன் குற்றம். காவல் என்கிற அளவில் சாக் யந்த்தை எடைபோட்டால் தட்டு மேலே போய்விடும்.

ஆனால் அதன் எடை காவலில் இல்லை, நிபந்தனையில் இருக்கிறது. ஆயுதம் ஏந்துகிறவன், குத்துச்சண்டைக்காரன், இரவில் வண்டி ஓட்டுகிறவன் இவர்கள்தான் இதைத் தேடிப் போகிறவர்கள். அவர்கள் முதுகில் ஒரு ஒப்பந்தம் எழுதப்படுகிறது: நீ ஒழுங்காக இருக்கும்வரை நான் உன்னோடு இருப்பேன். எழுதியது யார் என்று தெரியும். எதற்கு எழுதினான் என்று தெரியும். மீறினால் யாரிடம் திரும்பப் போக வேண்டும் என்றும் தெரியும். எழுத்து, ஆசான், நிபந்தனை இந்த மூன்றும் ஒரே ஊசி முனையில் சேர்ந்திருப்பதுதான் சாக் யந்த். இதில் ஒன்றை எடுத்துவிட்டாலும் மிஞ்சுவது படம்தான். வேளார் கேட்ட ஒற்றைக் கேள்வி இந்த மூன்றையும் தொட்டுவிடுகிறது.

இனி முதல் வாக்கியம். நம்ம எழுத்தா?

அன்று சாயங்காலமே அவனை வண்டியில் ஏற்றிக் குடுமியான்மலைக்குக் கூட்டிப்போனேன். புதுக்கோட்டையிலிருந்து 20 கிலோமீட்டர். சிகாநாதர் கோயிலை ஒட்டி, மேலைக்கோயில் என்கிற குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இருக்கிறது இசைக் கல்வெட்டு. 13 அடிக்கு 14 அடி இருக்கும், 38 வரி, பல்லவ கிரந்த எழுத்து. ஏழு பிரிவாக, நான்கு நான்கு சுரமாக அடுக்கி, ஒரே சுரத்தையே ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாற்றி வெட்டியிருக்கிறார்கள். நெடுங்காலம் இதை முதலாம் மகேந்திரவர்மனுடையது என்றே சொல்லி வந்தார்கள். இப்போது ஆய்வாளர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. வெட்டச் செய்தவன் சிவபக்தனான ஓர் அரசன், உருத்திராசாரியரின் மாணாக்கன் என்று மட்டும் கல்வெட்டே சொல்கிறது. காலம் 7, 8ஆம் நூற்றாண்டு.

பையன் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டச் சொன்னேன். கைப்பேசியில் படம் எடுத்துப் பாறையோடு வைத்துப் பார்த்தோம். சில வளைவுகள் ஒரே குடும்பத்துச் சாயல். தலையில் கெமர்காரர்கள் ஒரு கொண்டை போட்டுவிட்டார்கள். அதைக் கழித்துப் பார்த்தால் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் என்று சொல்லிவிடலாம். இதில் ஐயம் இல்லை. கெமர் எழுத்து தென்னிந்திய எழுத்தின் வழிவந்தது. தேதியுள்ள மிகப் பழைய கெமர் மொழிக் கல்வெட்டு அங்கோர் போரெயில் கிடைத்தது, கி.பி. 611. ஏறக்குறைய அதே காலத்தில் அங்கே சித்திரசேனன் என்கிற அரசன் முடிசூடியபோது வைத்துக்கொண்ட பெயர் மகேந்திரவர்மன். காஞ்சியில் ஒரு மகேந்திரவர்மன், கடலுக்கு அப்பால் ஒரு மகேந்திரவர்மன். பெயர்கூட ஒரே அச்சு.

அதனால் பச்சையும் இங்கிருந்து போனதா? இங்கேதான் காணொளிக்காரர்கள் ஒரு தாண்டு தாண்டுகிறார்கள். பல்லவர் காலத்துத் தமிழ்நாட்டில் உடம்பில் மந்திரம் குத்திக்கொண்டதற்கு நான் பார்த்தவரை ஒரு கல்வெட்டும் இல்லை, ஒரு சிற்பமும் இல்லை. சித்தன்னவாசல் ஓவியத்து நடனப் பெண்களின் கையில் வளை உண்டு, பச்சை இல்லை. சங்க இலக்கியத்துத் தொய்யிலைச் சிலர் சாட்சிக்கு அழைத்து வருவார்கள். தொய்யில் மார்பிலும் தோளிலும் குழம்பால் எழுதுவது. தழுவினால் அழிந்துபோகும் என்பதுதான் அதன் அழகே. அழியாத பச்சைக்கு அழிகிற தொய்யிலைத் தாயாக்குவது அநியாயம்.

மறுபக்கம், பர்மா, சான், லாவோஸ், வியட்நாம் என்று அந்த நிலப்பரப்பு முழுவதும் ஆண்கள் பச்சை குத்திக்கொண்ட மரபு உண்டு. தெற்கே உடம்பில் கோடு போட்ட மனிதர்கள் இருக்கிறார்கள் என்று பழைய சீன நூல்களே எழுதி வைத்திருக்கின்றன. தோலைக் குத்தும் பழக்கம் அவர்களுடையது. எழுத்து இங்கிருந்து போனது. இரண்டும் சந்தித்த இடம் கம்போடியா. நம் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தோம் என்பதற்காக அவள் பெற்ற பிள்ளைக்கெல்லாம் நம் குலப்பெயர் வைக்க முடியுமா? முதல் வாக்கியத்தில் "எழுத்து" என்பது சரி. "நம்ம" என்பது பாதிதான் சரி. அந்தப் பாறைக்கு முன்னால் நின்ற எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு வரியைப் படிக்கத் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வாக்கியம் கொஞ்சம் கஷ்டமானது. அப்பத்தாவைத் தொடுகிறதே.

அப்பத்தாவின் வலது முன்கையில், மணிக்கட்டுக்கு நான்கு விரல்கடை மேலே, ஒரு கோலம் இருந்தது. ஐந்துக்கு ஐந்து புள்ளி. புள்ளியைச் சுற்றிச் சுற்றி ஒரே கோடு. கோட்டின் ஒரு முனை மட்டும் சேராமல் விட்டுப்போயிருந்தது. குத்தும்போது மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது, கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன், அப்படியே நின்றுபோச்சு என்பாள். இடது கையில் ஒரு தேள். நெற்றியில் புருவத்துக்கு நடுவே மிளகளவு பொட்டு. சின்ன வயதில் அவள் மடியில் படுத்துக்கொண்டு அந்தச் சேராத முனையை என் நகத்தால் சேர்த்து வைப்பேன். வயதாகித் தோல் சுருங்கச் சுருங்கக் கோலமும் சுருங்கியது. கடைசியில் நரம்பு எது, கோடு எது என்று தெரியாது. கறுப்பு மை உள்ளே போய் வெளியே பச்சையாகத் தெரிவதால்தான் பச்சை.

குத்தியவள் குறத்தி. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் பச்சைக்குத்தி என்று ஒரு பதிவு உண்டு. ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்தும் குறவர், குத்துவது பெண்கள் என்று எழுதியிருக்கிறார். மை செய்யும் முறையையும் அவர் குறித்து வைத்தார். மஞ்சள் பொடியையும் அகத்திக் கீரையையும் அரைத்துத் துணியில் தடவி, திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்தால் சட்டியின் உட்புறத்தில் கரி படியும். அதைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. கூலி அரிசி, வெற்றிலை பாக்கு, பழந்துணி. அப்பத்தா கொடுத்தது இரண்டு படி கேழ்வரகு. வலி தெரியாமல் இருக்கக் குறத்தி பாடிக்கொண்டே குத்தினாளாம். என்ன பாட்டு என்று கேட்டால், "அவ பாட்டு எனக்கு எங்கடா வெளங்குச்சு, நான் கத்துன கத்துல" என்பாள்.

சாக் யந்த்தின் மூன்று உறுப்புகளை இந்தக் கையில் தேடிப் பார்க்கலாம். எழுத்து இல்லை. ஆசான் பரம்பரைக்குத் தட்டு வைக்கவில்லை. கேழ்வரகு அளந்ததோடு கணக்குத் தீர்ந்தது. நிபந்தனையும் இல்லை. அப்பத்தா அண்டை வீட்டுக் கோழியைப் பற்றிப் பொய் சொன்னபோதெல்லாம் அந்தக் கோலம் செத்துப் போகவில்லை.

மொழியே இதைச் சொல்லிவிடுகிறது. நாம் பச்சை "எழுதுவது" இல்லை, பச்சை குத்துகிறோம். குத்து என்ற இந்தச் சொல் வருகிற மற்ற இடங்களைப் பாருங்கள். குலதெய்வம் கோயிலில் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்து. நார்த்தாமலை முத்துமாரிக்கு நேர்ந்துகொண்டு அலகு குத்து. பெரியம்மைக்கு ஊசி போட வந்தவர்களை நம் ஊர்ப் பாட்டிகள் அம்மை குத்த வந்திருக்கிறார்கள் என்றுதான் சொன்னார்கள். அம்மையே வந்து வடு விட்டால், ஆத்தா முத்துப் போட்டிருக்கிறாள். தோல் இங்கே சாமியும் மனிதரும் தொட்டுவிட்டுப் போகிற இடம். படித்துப் பொருள் சொல்லும் ஏடாக அதை யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

அப்படியானால் எழுதும் மரபு நம்மிடம் இல்லையா? இருக்கிறது, ஆனால் தோலில் இல்லை, தகட்டில். புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தச் சந்தைக்குப் போனாலும் செப்புத் தகட்டில் கட்டம் கீறி, கட்டத்துக்குள் எழுத்தும் எண்ணும் போட்டு, சுருட்டித் தாயத்துக்குள் அடைத்துக் கொடுக்கும் ஆள் ஒருவராவது உட்கார்ந்திருப்பார். கட்டம், பீஜ எழுத்து, உரு ஏற்றுதல், பத்தியம் எல்லாமே சாக் யந்த்தில் உள்ளவைதான். அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்கிறோம். சாவு வீட்டுக்குப் போகும்போது கழற்றி மாடத்தில் வைக்கிறோம். குளித்துவிட்டு எடுத்துக் கட்டுகிறோம். தீட்டு என்கிற ஒன்று நாள்தோறும் வந்து போகிற ஊரில் மந்திரத்தைக் கழற்ற முடியாத இடத்தில் எழுதுவது ஆபத்து. கெமர் நாட்டில் தீட்டுக்கு மறு ஊதல் உண்டு. இங்கே கழற்றி வைப்பதுதான் வைத்தியம்.

தோலையும் மந்திரத்தையும் ஓரளவு சேர்த்து வைத்த மரபு ஒன்று இங்கே உண்டு. அதைக் காணொளிக்காரர்கள் யாரும் தொடுவதில்லை, ஏனோ. வைணவத்தில் சமாச்ரயணம். ஆசாரியர் சூடேற்றிய சக்கர முத்திரையை வலது தோளிலும் சங்கு முத்திரையை இடது தோளிலும் ஒற்றுகிறார். பன்னிரு திருமண் இடுகிறார். தாசன் என்று பெயர் வைக்கிறார். காதில் மந்திரம் சொல்கிறார். திருவாராதன முறை கற்பிக்கிறார். பெரியாழ்வார் திருப்பல்லாண்டிலேயே சக்கரப் பொறி ஒற்றிக்கொண்ட செய்தி இருக்கிறது. திருமயம் சத்தியமூர்த்திப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்களில் தோளில் மங்கிய வட்டத் தழும்போடு இருப்பவர்களை இன்றும் பார்க்கலாம். ஆசான் உண்டு, வழிமுறை உண்டு, நிபந்தனை உண்டு. சாக் யந்த்துக்கு உண்மையான தமிழ்ப் பங்காளி அப்பத்தாவின் கோலம் இல்லை, இந்தத் தழும்புதான். ஒரே ஒரு வேறுபாடு. இங்கே தோலில் விழுவது உருவம். எழுத்து காதில் விழுகிறது.

சைவத்திலும் பாருங்கள். குடுமியான்மலைப் பாறையின் உச்சியில் அறுபத்துமூவரை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அந்த வரிசையில் ஒருவரான அப்பர், சமணத்திலிருந்து மீண்டு வந்தபின் பெண்ணாகடம் தூங்கானை மாடத்தில் நின்று, இந்த உடம்பில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறித்தால்தான் வாழ்வேன் என்று இறைவனிடம் கேட்டார். பூதம் ஒன்று வந்து பொறித்ததாகப் பெரியபுராணம் சொல்லும். அவர் கேட்டது காவலை இல்லை. தான் யாருடைய ஆள் என்பதற்கு ஒரு முத்திரை. கோயில் பணிக்கு விடப்பட்டவர்களுக்குச் சூலமும் சக்கரமும் பொறித்த செய்தி கல்வெட்டுகளில் வருகிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடும் குறிக்கும் அதற்கும் இலக்கணம் ஒன்றே: உடைமை. 1970களில் எம்.ஜி.ஆர். தன் கட்சிக்காரர்களைக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னபோது எதிர்த்தவர்களும் உண்டு, வரிசையில் நின்றவர்களும் உண்டு. நின்றவர்களுக்கு அது புதிதாகத் தெரிந்திருக்காது. பழைய இலக்கணம், புதிய சாமி.

ஆக, இங்கே எழுத்து தெரிந்தவன் ஊசியைத் தொடவில்லை. ஊசி பிடித்தவளிடம் எழுத்தைக் கொடுக்கவில்லை. காரணம் ஆன்மிகம் இல்லை, சாதி. மந்திரம் கீறுகிறவன் உட்கார்ந்த திண்ணையில் குறத்தி ஏற முடியாது. அந்தக் காலத்து ஆங்கில அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தில் குறவர்களைப் பதிவு செய்து, ஊர் விட்டு ஊர் போவதையே குற்றமாக்கி வைத்தது. ஊர் ஊராகப் போவதுதான் அவர்களுடைய தொழிலே. கெமர் நாட்டில் விகாரையில் படித்துவிட்டு வெளியே வந்தவன் அதே கையால் ஊசியையும் பிடித்தான். அங்கே பச்சை யந்திரமானதற்கும் இங்கே ஆகாததற்கும் நான் காண்கிற முதற்காரணம் இதுதான்.

இங்கே என் வாதத்துக்கு எதிராக நானே இரண்டு சாட்சிகளை அழைக்க வேண்டும். முதலாவது, பெயர்ப் பச்சை. நம் அம்மாக்கள் கையில் தன் பெயரோ புருஷன் பெயரோ, சிலருக்கு "முருகா" என்றோ எழுத்தில் இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் அது ஊருக்குப் பள்ளிக்கூடம் வந்த பிறகு வந்த எழுத்து. நோட்டுப் புத்தகத்து எழுத்து. படிக்கத் தெரியாத கைக்குப் படிக்கத் தெரிந்த பிள்ளை எழுதிக்கொடுத்த மாதிரி. அதை உரு ஏற்றுவார் இல்லை.

இரண்டாவது சாட்சி பலமானது: குறத்தியேதான். பச்சை குத்துகிறவள் வெறும் கூலிக்காரி இல்லை. அவள் கையைப் பார்த்துக் குறி சொல்கிறவள். மலைத் தெய்வங்களைக் கூப்பிட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். தமிழில் குறி என்ற சொல்லுக்கு அடையாளம் என்றும் பொருள், வருவதுரைக்கும் வாக்கு என்றும் பொருள். உள்ளங்கையில் குறி பார்த்தவளே முன்கையில் குறி வைத்தாள். அப்படியானால் அந்தக் கோலம் ஒன்றும் இல்லாத அலங்காரம் என்று தள்ள முடியாது. அவள் பாட்டு எனக்கு விளங்கவில்லை என்று அப்பத்தா சொன்னது, அந்தப் பாட்டில் ஒன்றும் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. கெமர் குருவின் முணுமுணுப்பும் எங்கள் பையனுக்கு விளங்கவில்லைதானே. என் தீர்ப்பில் இந்த இடத்தில் ஒரு விரிசல் இருக்கிறது. பூசி மறைக்க விருப்பமில்லை.

ஜான் லேயார்ட் என்கிற மானிடவியலாளர் 1937இல் நம் வாசல் கோலத்தையும் பச்சைக் கோலத்தையும் சேர்த்து நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். அவர் நேரில் கண்டு ஆராய்ந்தது பசிபிக் கடலில் மலேகுலா தீவை. அங்கே செத்தவனின் வழியில் ஒரு பெண் பூதம் மணலில் கோலம் போட்டு, பாதியை அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். மீதியைப் போட்டு முடிக்கத் தெரிந்தவன் உள்ளே போவான், தெரியாதவனை அது தின்றுவிடும். தமிழ்ப் பெண் வாசலிலும் கையிலும் போடும் சுழி கோலமும் அதே மறுமைக் காவலின் மிச்சம் என்பது லேயார்டின் வாதம். படிக்க மயக்கும் வாதம். முடியாத கோலத்தோடு போன அப்பத்தாவை நினைத்து எனக்கு ஒரு கணம் திக்கென்றது உண்மை. ஆனாலும் கடல் கடந்த இரண்டு கோடுகள் ஒன்றுபோல் வளைகின்றன என்பதைத் தவிர அவரிடம் பாலம் இல்லை. தேள் குத்திக்கொண்டவளுக்கு, மூன்று புள்ளி மட்டும் வைத்துக்கொண்டவளுக்கு மறுமையில் என்ன வழி? அவற்றுக்கு அவர் வாதத்தில் இடமில்லை. பச்சை குத்தினால் நரம்பு முடிச்சு திறக்கும், வர்மம் சரியாகும் என்கிற இன்றைய அறிவியல் விளக்கங்களை எடைபோடக்கூடத் தராசை எடுக்க வேண்டாம். தேளைக் குத்தும்போது எந்த நரம்பைத் தேடினார்கள்?

மறுமையைப் பற்றி நம் பெண்கள் சொன்னது லேயார்ட் சொன்னதைவிட எளிது. நகை வராது, நிலம் வராது, பெற்ற பிள்ளை வராது. போகும்போது பச்சை மட்டும்தான் கூட வரும். இதை என் அப்பத்தாவும் சொன்னாள், எங்கள் பக்கத்தில் பச்சை குத்திய கிழவிகள் எல்லோரும் சொன்னார்கள். பச்சையின் ஆன்மிகம் என்று ஒன்று இருந்தால் அது இந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. இதில் காவல் இல்லை, வரம் இல்லை, நிபந்தனை இல்லை. துணை இருக்கிறது. பெண்ணுக்கென்று பட்டா எழுதாத ஊரில் அவள் பெயரில் இருந்த ஒரே அசையாச் சொத்து. யந்திரம் ஆணுக்கு அவன் சாகாமல் இருக்க. பச்சை பெண்ணுக்கு அவள் செத்த பிறகு. இரண்டையும் ஒன்று என்று சொன்னால் இரண்டுக்கும் துரோகம். பையன் சொன்ன இரண்டாவது வாக்கியத்தை நான் முழுதாகத் தள்ளுகிறேன். நாம் எதையும் விட்டுவிடவில்லை. அது நம்மிடம் இருந்ததில்லை. நம்மிடம் இருந்தது வேறு.

தீர்ப்பைச் சொன்ன பிறகும் அந்தக் கிழவிகளின் வாக்கியத்தையும் சோதித்துவிட வேண்டும் இல்லையா? எனக்குப் பதினொரு வயதில் தாத்தா இறந்தார். பதினாறாம் நாள் அப்பத்தாவின் தாலியை எடுத்தார்கள், வளையலை உடைத்தார்கள், நெற்றிக் குங்குமத்தை ஒரு சித்தி ஈரத் துணியால் துடைத்தாள். துடைத்துவிட்டுப் பார்த்தால் பொட்டு அப்படியே இருந்தது. இன்னொரு முறை அழுத்தித் துடைத்தாள். பிறகுதான் அது பச்சை என்று நினைவு வந்து கையை எடுத்தாள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் அப்பத்தா அந்தப் பொட்டோடுதான் கல்யாண வீடுகளில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் போன அன்று குளிப்பாட்டும்போது மூக்குத்தியைக் கழற்ற முடியாமல் சோப்பு போட்டுக் கழற்றினார்கள். இடுப்பில் எப்போதோ யாரோ மந்திரித்துக் கட்டிய தாயத்தை அரிவாள்மனையில் அறுத்தார்கள். கோலத்தின் மேல் மஞ்சள் பூசினார்கள். மஞ்சளுக்குள்ளும் அது தெரிந்தது. வாய்க்கரிசி போடும்போது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். எருவை அடுக்கி முகத்தை மூடும்வரை நெற்றிப் பொட்டு தெரிந்தது. தீ வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் அதற்குமேல் அது எதுவரை கூடப் போனது என்று நான் பார்க்கவில்லை.